பதினேழாம் எண்ணின் நடுக்கதவு

நிறுத்தத்தின் கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்த மஞ்சள் அறிவிப்பை சிர்க்கா இரண்டு தடவை படித்தாள். மூன்றாவது தடவை படிக்கவில்லை. கையுறையைக் கழற்றிப் பல்லில் கவ்விக்கொண்டு, வீட்டுச் சாவியால் அதன் ஓரத்தைச் சுரண்ட ஆரம்பித்தாள். பெருந்தொற்றுக்குப் பிறகு பயணிகள் திரும்பி வராத காரணத்தால் பதினேழாம் எண் பேருந்தை வரும் கோடையோடு நிறுத்த உத்தேசம் என்றும், நகரசபை கிறிஸ்துமஸுக்கு முன் கூடி முடிவெடுக்கும் என்றும், ஹார்யுமாக்கிவாசிகள் குன்றைத் தாண்டி நெடுஞ்சாலை நிறுத்தத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அதில் போட்டிருந்தது. குன்றைத் தாண்டியாம். எழுதினவர் ஒரு ஜனவரி மாதத்தில் அந்தக் குன்றில் ஏறிப் பார்த்திருக்க வேண்டும். பசை லேசில் விடவில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளித்தள்ளி நின்றவர்கள், அவள் செய்வதைப் பார்க்காதது போலச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கோணலாக ஏதாவது செய்தால் கண்ணைத் திருப்பிக்கொள்வதுதான் அந்த ஊரில் மரியாதை. தாள் பாதியாகக் கிழிந்து வந்தது. அதைக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள்.

பேருந்து வந்தது. எப்போதும் முன்னால் நிற்கும் பச்சைத் தொப்பிக்காரர் கையைக் காட்டினார், நின்றது. எல்லாரும் நடுக்கதவில் ஏறினார்கள், சிர்க்காவும் ஏறினாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள். கப்பல் பட்டறைக்குப் போகிற ஆட்கள் மேல்சட்டையில் இருட்டில் மின்னும் ஒளிவில்லைகள் தொங்க அரைத் தூக்கத்தில் இருந்தார்கள். இரவுப் பணி முடித்த செவிலிப்பெண் ஒருத்தி கண்ணாடியில் தலை சாய்த்திருந்தாள். காதில் இயர்போன் மாட்டிய கல்லூரிப் பையன், தள்ளுவண்டியில் குழந்தையோடு ஒரு தாய். திரும்பி வராத பயணிகள் என்றால் இவர்களெல்லாம் யார்? பேயா, பிசாசா? பொய் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது.

அந்த எரிச்சலுக்குக் காரணம் உண்டு. நாற்பத்தெட்டு வயதில் சிர்க்காவுக்கு வலிப்பு வந்தது. மாத்திரையில் அடங்கிவிட்டது என்றாலும் ஓட்டுநர் உரிமத்தை வைத்தியர் அன்றே ரத்து செய்யச் சொல்லிவிட்டார். அதிலிருந்து பதினேழாம் எண்தான் அவளுக்குக் கால். ஆற்றுக்கு அந்தப் பக்கம், கடைசி நிறுத்தத்தில் இருக்கிற பள்ளிச் சமையலறையில் வேலை. வியாழக்கிழமை தவறாமல் பட்டாணி சூப் கிண்டுவாள். பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டே இரண்டாம் தட்டு கேட்டு வருவார்கள். ஹார்யுமாக்கியில் மூன்றாம் மாடியில் அவளுக்குச் சொந்தமாக ஒரு சின்ன வீடு இருக்கிறது. அடுக்களை ஜன்னலைத் திறந்தால் பைன் மரங்கள். வெள்ளிக்கிழமை மாலை கட்டடத்துச் சவுனாவில், அந்தப் பொது நீராவிக் குளியலறையில், அவளுடைய முறை. பேருந்து நின்றால் வேலை போகும், வேலை போனால் அந்த வீட்டில் உட்கார்ந்துகொண்டு என்ன செய்வது என்று அவளுடைய மகன் தேமு ஏற்கனவே கேட்டுவிட்டான். நகரத்துக்குள் அவன் வீட்டுப் பக்கத்துக் கட்டடத்தில் மின்தூக்கி வைத்த ஒரு குடியிருப்பையும் பார்த்து வைத்திருந்தான்.

தேமுவைக் குறை சொல்ல முடியாது. அதுதான் சங்கடமே. தொற்றுக் காலத்தில் ஒரு நாள் விடாமல் காலையில் வந்து அவளை ஏற்றிக்கொண்டுபோய்ப் பள்ளி வாசலில் இறக்கினான், சாயங்காலம் அதே வாசலில் காத்திருந்தான். பேருந்தில் போய் நோயை வாங்கிக்கொண்டு வந்துவிடக் கூடாது என்ற பயம். இருக்கையைச் சூடுபண்ணி வைத்திருப்பான். பெல்ட் போட்டாயா என்று கேட்பான். எந்தக் கடையில் நிற்பது என்று அவன்தான் முடிவுசெய்வான். சந்தையில் இறங்கி ஒரு காபி குடிக்கலாம் என்று தோன்றினாலும், அவன் வேலைக்கு நேரமாகுமே என்று வாயைத் திறக்க மாட்டாள். நன்றி சொல்ல வேண்டியவன் மேல் கோபப்பட முடியாது. இரண்டு வருடமும் அவள் ஒரு பார்சல் மாதிரி போய் வந்தாள். கட்டுப்பாடுகள் எல்லாம் போனபின் முதல் நாள் பதினேழில் ஏறி உட்கார்ந்தபோது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. யாரும் கவனிக்கவில்லை, அதற்காகவும் அவள் சந்தோஷப்பட்டாள்.

கடைசி நிறுத்தத்தில் ஐந்தாறு பேர் இறங்கிப் போனார்கள். வண்டி அங்கே சற்று நேரம் நிற்கும். ஓட்டுநர் லிபான் சாப்பாட்டுப் பையைத் திறந்து குடுவையிலிருந்து காபி ஊற்றிக்கொண்டிருந்தான். சோமாலி வீட்டுப் பிள்ளை. அந்த ஊரில் எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், மேயரையும்கூட. அவனுக்கு மட்டும் வயதில் மூத்த பெண்பிள்ளையைப் பெயர் சொல்ல நாக்கு வராது. சிர்க்காவை அத்தை என்பான். ஆரம்பத்தில் அவளுக்குக் கூச்சமாக இருந்தது. இப்போது ஒரு நாள் அவன் சொல்லாவிட்டால் என்ன கோபமோ என்று யோசிப்பாள்.

வண்டி நிறைய ஆள் ஏற்றிக்கொண்டு வருகிறாய், ஆள் இல்லை என்று எழுதி ஒட்டியிருக்கிறார்களே, நீ பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிறாயா என்று அவனைப் பிடித்தாள். லிபான் காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, தன் பக்கத்தில் இருந்த சின்னத் திரையைக் காட்டினான்.

“இன்னிக்குக் காலையில என் வண்டியில ஏழு பேருதான் வந்தாங்க அத்தை. இதுல அப்படித்தான் போட்டிருக்கு. அந்த ஏழுல நீங்க இல்ல.”

“நான் நிக்கிறேனே, கண்ணு தெரியலையா உனக்கு?”

“எனக்குத் தெரியுது. மெஷினுக்குத் தெரியல. நீங்க எந்தக் கதவுல ஏறுனீங்க?”

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. தொற்று வந்ததும் முன்கதவை அடைத்துவிட்டார்கள். ஓட்டுநரைச் சுற்றிப் பிளாஸ்டிக் திரை, முன்வரிசைக்குக் குறுக்கே சங்கிலி. அட்டையைக் காட்டுகிற இயந்திரம் சங்கிலிக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. அட்டை வேண்டாம், நடுக்கதவில் ஏறி ஓட்டுநரிடமிருந்து விலகி உட்காருங்கள் என்று நகரசபையே சொன்னது. ஜனங்களும் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். பிறகு சங்கிலியைக் கழற்றினார்கள், முன்கதவைத் திறந்தார்கள், பழக்கம் மட்டும் நடுக்கதவிலேயே நின்றுவிட்டது. காசு கொடுக்காமல் போகிறவர்கள் இல்லை இவர்கள். ஆளாளுக்கு மாதக்கணக்கில் முன்கூட்டியே கட்டிய அட்டை பையில் இருக்கிறது. பரிசோதகர் வந்தால் எடுத்துக் காட்டுவார்கள். கட்டியாயிற்று, பிறகு எதற்கு முன்னால் போய் ஒரு இயந்திரத்திடம் பீப் வாங்க வேண்டும்? சிர்க்காவும் அப்படித்தான் நினைத்திருந்தாள். நினைத்தாள் என்றுகூடச் சொல்ல முடியாது. யோசிக்கவே இல்லை.

நீ சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டதற்கு லிபான் சிரித்தான். ஒரு முறை ஒலிபெருக்கியில் சொன்னானாம். ஒருவர் அசையவில்லை, பயணத்தின் அமைதியைக் குலைத்தார் என்று அவன்மேல் புகார் மட்டும் போனது. கதவருகே ஒட்டிய ஸ்டிக்கரை யாரும் படிக்கவில்லை. நான் சொன்னால் டிக்கெட் கேட்கிறான் என்று நினைக்கிறார்கள், பயணி சொன்னால் வேறு மாதிரி என்றான். சொல்லிவிட்டு அவளையே பார்த்தான். அவன் என்ன கேட்கிறான் என்று புரிந்ததும் சிர்க்கா பையை எடுத்துக்கொண்டு இறங்கப் பார்த்தாள். பத்து வருடமாக அதே பேருந்தில் போகிறாள். பக்கத்தில் நிற்பவரிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசினால் என்னமோ ஏதோ என்று ஆம்புலன்சைக் கூப்பிட்டுவிடுவார்கள்.

மறுநாள் காலை முன்கதவில் ஏறி, அட்டையைக் காட்டி, பீப் கேட்டபின் நடுவில் வந்து நின்றாள். பாலம் வரும்வரை தைரியம் வரவில்லை. பாலத்தில் வண்டி ஊர்ந்தபோது தொண்டையைச் செருமினாள். யாரையும் பார்க்காமல், சுவரில் மாட்டியிருந்த தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு, இந்த பஸ்ஸை நிறுத்தப் போகிறார்கள், நாம் அட்டையைக் காட்டாததால் நாம் இதில் இல்லை என்று கணக்காகிறது, தயவுசெய்து எல்லாரும் முன்னால் போய் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள் என்று சொன்னாள். குரல் அவளுடையது போலவே இல்லை. கல்லூரிப் பையன் காதில் ஓடிய பாட்டின் ஒலியைக் கூட்டிக்கொண்டான். பிறகு பச்சைத் தொப்பிக்காரர் பேசினார், அவரும் அவளைப் பார்க்காமல்.

“நான் காசு கட்டியிருக்கேன். பிப்ரவரி வரைக்கும் கட்டியிருக்கேன். என் வாழ்நாள்ல ஒரு நாள் டிக்கெட் இல்லாம ஏறுனதில்ல. நான் யோக்கியன்னு ஒரு பெட்டிகிட்ட தெனமும் போய் நிரூபிக்கணுமா?”

அவமானப்பட்ட மனிதரின் குரல் அது. சிர்க்கா மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தாள். வந்தது வேறு.

“உங்க யோக்கியத்தைப் பத்தி யாரு பேசுனா? அந்தப் பெட்டிக்கு நீங்க செத்துட்டீங்க. நானும் செத்துட்டேன். தொற்றுல பதினேழாம் நம்பர் ஜனம் மொத்தமும் போயிட்டாங்கன்னு எழுதி வச்சுட்டானுங்க. நமக்குக் காரியம்தான் பாக்கி.”

அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிப் போய்விட்டார். அது அவருடைய நிறுத்தமே இல்லை. சிர்க்காவுக்குக் காது மடல் எல்லாம் நெருப்பாகச் சுட்டது. சமையலறையில் அன்று உருளைக்கிழங்கைத் தோலோடு பாதிச் சதையும் போகச் சீவித் தள்ளினாள். நாளையிலிருந்து தேமுவைக் கூப்பிட்டுவிடலாமா என்றுகூட ஒரு நிமிடம் நினைத்தாள். நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அடுத்த நாள் அவள் பேசவில்லை. நடுக்கதவின் உள்பக்கம் போய்க் குறுக்கே நின்றுகொண்டாள், தோளில் பை, கையில் இன்னொரு பை. ஏற வந்தவர்களிடம் “முன்னாடி” என்று ஒரே வார்த்தை. தள்ளுவண்டிக்கு மட்டும் வழிவிட்டாள். சிலர் முணுமுணுத்துக்கொண்டு முன்னால் போனார்கள். பலர் அவளுடைய பைக்கும் கம்பிக்கும் நடுவில் நுழைந்து வந்தார்கள், உரசிவிடாமல், அதிலும் ஒரு சாமர்த்தியம். ஒரு வாரம் இப்படியே போனது. பேருந்துக் கம்பெனியிலிருந்து லிபானைக் கூப்பிட்டு, வழியை மறிக்கிற பயணியை அப்புறப்படுத்தச் சொன்னார்களாம். அந்தம்மா ஒருத்திதான் ஒழுங்காக அட்டையைக் காட்டுகிறாள், அவளை எப்படி இறக்குவது என்று அவன் கேட்டுவிட்டு வந்திருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை தேமு வந்தான். சால்மன் சூப் வைத்திருந்தாள், வெண்ணெய் தடவிய ரை ரொட்டியும். அவன் சாப்பிடாமல் கைப்பேசியை மேசைமேல் வைத்தான். ஹார்யுமாக்கிக்காரர்கள் எழுதுகிற பக்கத்தில் யாரோ, பதினேழாம் எண்ணில் ஒரு பைத்தியக்காரக் கிழவி கதவை மறிக்கிறாள் என்று போட்டிருந்தார்கள். கீழே நிறையப் பேர் சிரித்திருந்தார்கள். அவன் கூடப் படித்தவன் ஒருவன், இது உன் அம்மாதானே என்று கேட்டிருந்தான்.

“கிழவின்னா போட்டிருக்கான்?” என்றாள் சிர்க்கா. “எனக்கு அறுபதுகூட ஆகல.”

தேமு சிரிக்கவில்லை. அந்தக் குடியிருப்பை இந்த மாதத்துக்குள் சொல்லிவைக்காவிட்டால் போய்விடும் என்றான். பஸ் எப்படியும் நிற்கப்போகிறது, இரண்டு வாரம் நீ கத்துவதால் நகரசபை மனசு மாறாது என்றான். வேண்டுமானால் நீ ஓய்வு பெறுகிறவரை பழையபடி நானே கூட்டிப் போகிறேன் என்றும் சொன்னான். அவன் கண்ணின் கீழ் கருவளையம் இருந்தது. இந்தப் பிள்ளை உண்மையிலேயே என்னை நினைத்துத் தூங்காமல் இருக்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. பாசம் பொங்கியது, கூடவே பிடிவாதமும்.

“ரெண்டு வருஷம் என்னச் சுமந்தேடா. மறக்க மாட்டேன். போதும்.”

“பஸ்ஸு போயிடும்மா. அதுக்கப்புறம் என்ன பண்ணுவே?”

“போனா போகட்டும். நிறைஞ்சு போற பஸ்ஸ நிறுத்துறோம்னு சொல்லிட்டு நிறுத்தட்டும். காலின்னு சொல்லி நிறுத்த விடமாட்டேன். சூப் ஆறுது, சாப்பிடு.”

அவன் சாப்பிட்டான். போகும்போது வாசலில் நின்று, காலையில் வழுக்கும், அடியில் ஆணி வைத்த பூட்ஸைப் போட்டுக்கொள் என்று மட்டும் சொன்னான்.

அந்த இரவே பனி கொட்டித் தீர்த்தது. காலையில் கார்களைத் தோண்டியெடுக்கப் பொறுமையில்லாதவர்களும் நிறுத்தத்துக்கு வந்துவிட்டார்கள். வண்டி வரும்போதே பிதுங்கிக்கொண்டு வந்தது. சிர்க்கா முன்கதவில் ஏறிக் காட்டிவிட்டு நடுக்கதவுப் பக்கம் போவதற்குள் மூச்சு வாங்கியது. இன்று மறிப்பதற்குக்கூட இடமில்லை. கூட்டம் நடுக்கதவில் திமுதிமுவென்று ஏறி நெருக்கியது. பின்னால் திரும்பினால் முகத்தில் யாருடைய கம்பளிக் குல்லாவோ இடிக்கிறது. தள்ளுவண்டித் தாய் கதவோரம் ஒண்டிக்கொண்டு நின்றாள். தோற்றுவிட்டோம் என்று சிர்க்காவுக்கு முதன்முதலாகத் தோன்றியது. வண்டி இவ்வளவு நிறைந்த நாளில் திரையில் பத்துப் பேர்கூட இருக்க மாட்டார்கள்.

கதவு மூடியது. அந்தத் தாய் சிர்க்காவின் கையைத் தொட்டாள். குழந்தை வண்டியோடு போனால் அவளுக்குக் கட்டணமே கிடையாது. ஆனாலும் வேலைக்குப் போன காலத்து அட்டை இன்னும் காலாவதியாகாமல் இருந்தது. அதை நீட்டினாள்.

“என்னால முன்னாடி போக முடியாது. இதைக் கொடுத்துவிட முடியுமா?”

கொடுத்துவிடுவதா? அந்த ஊரில் யாரும் அப்படிச் செய்ததில்லை. தொற்றுக்குப் பிறகு ஒருவர் தொட்ட நாணயத்தை அடுத்தவர் வாங்கவே யோசித்தார்கள். சிர்க்கா அட்டையை முன்னால் நின்ற கல்லூரிப் பையனிடம் நீட்டினாள். அவன் அதைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், ஒரு காதிலிருந்து இயர்போனைக் கழற்றினான். முன்னாடி என்றாள். அவன் வாங்கி அடுத்தவரிடம் கொடுத்தான். கப்பல் பட்டறைக்காரர் கையுறையைக் கழற்றி வாங்கினார். செவிலிப்பெண் வாங்கினாள். அட்டை தலைகளுக்கு மேலே போய், இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒடுங்கி நின்ற ஒருவர் கைக்கு வந்து சேர்ந்தது. பச்சைத் தொப்பி. முன்கதவுப் பக்கம் அவர் தானாகப் போகவில்லை, கூட்டம் அவரை அங்கே தள்ளியிருந்தது.

அவர் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இன்னொருவருடைய அட்டை. தன்னுடையதைக் காட்ட மாட்டேன் என்று சொல்லலாம், அடுத்தவர் நம்பிக் கொடுத்ததை என்ன சொல்வது? காட்டினார். பீப் என்றது. வண்டியில் எல்லாருக்கும் கேட்டது. அவர் இயந்திரத்தை வெகுநேரம் முறைத்துப் பார்த்தார். பிறகு மேல்சட்டைப் பொத்தானைக் கழற்றி, உள்பையில் கைவிட்டு, தன் பணப்பையை எடுத்தார்.

இரண்டாவது பீப் கேட்டதும் கல்லூரிப் பையன் கையை நீட்டித் தன் அட்டையை முன்னால் அனுப்பினான். கப்பல் பட்டறைக்காரர்கள் தங்களுடையதைச் சேர்த்துக் கொடுத்தார்கள். பின்வரிசையிலிருந்து, அவளுக்குப் பார்க்கக்கூட முடியாத இடத்திலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக அட்டைகள் வந்தன. அவள் வாங்கி வாங்கி முன்னால் தள்ளினாள். அடுத்த நிறுத்தத்தில் நின்ற பிறகு லிபான் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் கார்கள் ஒலியெழுப்பின. அவன் திரையைப் பார்த்தபடி ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தான். பீப், பீப் என்று ஓயாமல் கேட்டது. எழுதட்டும் இப்போது என்று நினைத்தாள் சிர்க்கா. ஆள் இல்லை என்று இப்போது எழுதட்டும். நகரசபை என்ன செய்யும் என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் நினைத்தால் இதையும் நிறுத்துவார்கள்.

கடைசி அட்டையும் ஆனபின்தான் சிக்கல் தெரிந்தது. பச்சைத் தொப்பிக்காரர் கையில் ஒரு கட்டு நிறைய அட்டை, எல்லாம் ஒரே நிறம். எது யாருடையது? பத்து வருடமாகச் சேர்ந்து போகிறவர்கள் ஒருவருக்கொருவர் பெயர் தெரியாமல் முழித்தார்கள். அவர் முதல் அட்டையைத் திருப்பிப் பின்பக்கம் அச்சிட்டிருந்ததைக் கண்ணுக்கருகே கொண்டுபோனார். தொண்டையைச் செருமினார். இறந்தவர்கள் பெயரைத் தேவாலயத்தில் படிக்கிறவர் குரலில், அவ்வளவு கவனமாக, படிக்க ஆரம்பித்தார்.

“ஐனோ-மாரியா ரௌத்தியாய்னென்.”

தள்ளுவண்டித் தாய் கையைத் தூக்கினாள். அட்டை வந்த வழியே திரும்பி வந்தது. அடுத்த பெயர், அடுத்த கை. செவிலிப்பெண்ணின் பெயர் ஹில்க்கா. கல்லூரிப் பையன் பெயரைப் படித்தபோது அவன் “இருக்கேன்” என்றான், வகுப்பில் சொல்வது போல, எங்கிருந்தோ ஒரு சிரிப்பு வந்தது. கட்டு மெலிந்துகொண்டே வந்தது. கடைசியில் ஒரே ஒரு அட்டை மீந்தது. அதையும் விடாமல் திருப்பிப் படித்தார்.

“பெர்-எரிக் ஹோல்ம்ஸ்ட்ரோம்.”

யாரும் கையைத் தூக்கவில்லை. அவர் தலையை நிமிர்த்தி வண்டி முழுவதையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு அட்டை இருந்த தன் கையையே மெல்ல மேலே தூக்கினார்.